உடன்படாதவருக்கு ஒரு கட்டுரை

கட்டுரைப் போட்டி என்று அறிவிப்பு வந்ததும் பிள்ளைகள் முதலில் தேடுவது ஒரு திருக்குறளை. கிடைத்ததும் தாளின் தலையில் அதை எழுதி, கீழே ‘முன்னுரை’ என்று போட்டு அடிக்கோடிட்டு, ‘இன்றைய அறிவியல் உலகில்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் பேனா நின்றுவிடும்.

கோத்தகிரியில் சனிக்கிழமை காலையில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி நடத்துகிறேன். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இது அதற்கு வெளியே, விரும்பிச் செய்வது. சுற்றியிருக்கும் ஹட்டிகள் என்கிற படுகர் ஊர்களிலிருந்தும் எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளிலிருந்தும் டவுனிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். இந்தப் பருவத்தில் நாங்கள் எடுத்துக்கொண்டது வாதக் கட்டுரை. ஒரு கருத்தைச் சொல்லி, படிப்பவரை அதற்கு இணங்க வைக்கிற கட்டுரை. அதை எப்படித் திட்டமிடுவது என்று வகுப்பில் பேசியதை இங்கே எழுதி வைக்கிறேன். மற்ற ஊர் ஆசிரியர்களுக்கும் டிஎன்பிஎஸ்சி முதன்மைத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கும் பயன்படலாம்.

பள்ளியில் பழகிய வடிவம் எல்லாருக்கும் தெரியும். வினாத்தாளிலேயே குறிப்புகள் இருக்கும்: முன்னுரை, இரண்டு மூன்று உட்தலைப்பு, முடிவுரை. ஒவ்வொன்றின் கீழும் தெரிந்ததை நிரப்பினால் கட்டுரை முடிந்தது. ஒரு பொருளைப் பற்றித் தகவல் சொல்ல அது போதும், அதில் நான் குறை காணவில்லை. ஆனால் ஒருவர் மனத்தை மாற்ற அது போதாது. அந்த வடிவத்தில் படிக்கிறவர் எங்கேயுமே இல்லை. நமக்குத் தெரிந்ததை நமக்கு வசதியான வரிசையில் அடுக்குகிறோம், அவ்வளவுதான். வாதக் கட்டுரையில் வரிசையை முடிவுசெய்வது படிப்பவருடைய சந்தேகங்கள். அவர் எங்கே முகம் சுளிப்பார், எங்கே ‘அது சரி, ஆனால்...’ என்பார், எங்கே கணக்குக் கேட்பார் என்று தெரிந்தால் பத்திகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இந்த ஒன்றுதான்.

முதல் வேலை, தலைப்பிலிருந்து ஒரு கருத்தைப் பிரித்தெடுப்பது. ‘நீலகிரியும் சுற்றுலாவும்’ என்பது தலைப்பு. அதற்குள் எதை வேண்டுமானாலும் கொட்டலாம். 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தது, கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா, 1908-இல் ரயில் ஊட்டி வரை வந்தது, 2005-இல் அந்த ரயிலுக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது எல்லாமே உள்ளே போகும். எல்லாமே உண்மை. ஒன்றுகூட யாருடைய மனத்தையும் எதை நோக்கியும் நகர்த்தாது.

‘சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும்’ என்று எழுதினாலும் அதே நிலைதான். அதற்கு மறுப்புச் சொல்கிற ஆள் இந்த மலையில் கிடையாது. எதிர்ப்பே இல்லாத கருத்துக்கு எதற்குக் கட்டுரை? பிள்ளைகளுக்கு நான் சொல்லும் சோதனை இது: நீ எழுதிய வாக்கியத்தைக் கோத்தகிரி மார்க்கெட்டில் நின்று சத்தமாகச் சொன்னால், நிதானமான ஒரு மனிதர் நின்று ‘அதெப்படி?’ என்று கேட்பாரா? கேட்டால் அது கருத்து. கேட்காமல் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் இன்னும் தலைப்பிலேயே நிற்கிறாய்.

எங்களுக்குக் கையருகிலேயே ஒரு விஷயம் இருந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் வர இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கு வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அந்த ஏப்ரலில் இங்கே வணிகர்கள் கடையடைப்பும் நடத்தினார்கள். ஆக, வீட்டுக்கு வீடு இரண்டு பக்கமும் பேச ஆள் உண்டு. ‘சீசன் மாதங்களில் வெளியூர் வாகனங்களுக்கு எண்ணிக்கை வரம்பு இருக்க வேண்டும்’ என்று ஒரு பெண் எழுதினாள். ‘இந்த வரம்பை எடுத்துவிட வேண்டும்’ என்று ஒரு பையன் எழுதினான், அவனுடைய அப்பா டாக்ஸி ஓட்டுகிறவர். நான் எந்தப் பக்கம் என்பதை வகுப்பில் சொல்வதில்லை. சொன்னால் பிள்ளைகள் எனக்காக எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

அடுத்தது, யாருக்கு எழுதுகிறோம் என்று முடிவுசெய்வது. ‘பொதுமக்களுக்கு’ என்பார்கள். பொதுமக்கள் என்று ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து நம் தாளைப் படிப்பதில்லை. ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடு, அந்த ஆள் உனக்கு உடன்படாதவராக இருக்கட்டும், ஆனால் நியாயம் பேசினால் கேட்கிறவராக இருக்கட்டும் என்பேன். வரம்பு வேண்டும் என்ற பெண் தேர்ந்தெடுத்தது, வங்கிக் கடன் வாங்கி இரண்டு அறை காட்டேஜ் கட்டி வாடகைக்கு விடுகிற ஒருவரை. வரம்பு வேண்டாம் என்ற பையன் தேர்ந்தெடுத்தது, ஓய்வு பெற்று இங்கேயே வாழ்கிற, மே மாதம் முழுக்க வீட்டை விட்டு வெளியே வர முடியாமல் தவிக்கிற ஒரு பாட்டியை.

இப்போதுதான் முக்கியமான பயிற்சி. தன் பக்கத்துக்கு ஒரு வரிகூட எழுதும் முன்னால், அந்த எதிர்த்தரப்பு ஆளாகவே மாறி ஒரு முழுப் பக்கம் எழுத வேண்டும். கேலி கூடாது. அவர் படித்தால் ‘ஆமாம், நான் நினைப்பது இதுதான்’ என்று சொல்ல வேண்டும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் எழுவகை மதங்களை, அதாவது நூல் எழுதுகிறவர் எடுக்கக்கூடிய ஏழு நிலைப்பாடுகளை, அடுக்குகிறார். உடன்படல், மறுத்தல் என்ற இரண்டுக்கும் அடுத்து வருவது ‘பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு’. பிறர் கொள்கையை முதலில் தன்மேல் ஏற்றுக்கொண்டு, அதன் பிறகு நீக்குவது. முதலில் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்ற அந்த நிபந்தனை எனக்கு மிகவும் பெரிதாகப் படுகிறது. எதிராளியின் வாதத்தை அவர் சொல்வதைவிட நன்றாகச் சொல்லத் தெரியாதவருக்கு அதை மறுக்கும் உரிமை இன்னும் வரவில்லை என்றுதான் நான் நம்புகிறேன்.

அந்தப் பெண் காட்டேஜ்காரராக எழுதிய பக்கம் என் மேஜையில் இருக்கிறது. ‘எனக்கு வருமானம் ஏப்ரல், மே இரண்டு மாதம்தான். மழைக்காலத்தில் யாரும் வருவதில்லை. கடன் தவணை பன்னிரண்டு மாதமும் வருகிறது. கூட்டத்துக்குக் காரணம் காலையில் வந்து மாலையில் இறங்குகிறவர்கள். என் வீட்டில் தங்குகிறவர் காரை நிறுத்திவிட்டு நடக்கிறார். அவரையும் இவரையும் ஒரே எண்ணிக்கையில் சேர்த்தது என்ன நியாயம்?’ எழுதி முடித்ததும் அவளே என்னைப் பார்த்து, ‘மிஸ், இவர் சொல்வது சரிதானே’ என்றாள். சரிதான். அதனால் அவளுடைய கருத்தே மாறியது. ‘வரம்பு வேண்டும்’ என்று இருந்தது, ‘வரம்பு வேண்டும், அதற்குள் அறை முன்பதிவு செய்தவர்களுக்கு முன்னுரிமை வேண்டும்’ என்று ஆனது. கருத்து குறுகியது, ஆனால் அசைக்க முடியாததாகிவிட்டது. காட்டேஜ்காரரும் காது கொடுக்கக்கூடிய இடத்துக்கு அது வந்துவிட்டது.

பையனுக்கு இன்னும் கடினமான கேள்வி வந்தது. பாட்டியாக மாறி எழுதும்போது அவனே எழுதிவிட்டான்: ‘நீலகிரியின் டிஎன் 43 பதிவெண் வண்டிகளுக்கு வரம்பு கிடையாது. வெளியூர் கார் குறைந்தால், பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்கள் உள்ளூர் டாக்ஸியைத்தானே பிடிப்பார்கள்? உன் அப்பாவுக்கு லாபம்தானே?’ எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டான். இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு எழுத அவனுக்கு ஆசை. ஒதுக்கினால் பாட்டி இரண்டாவது பத்தியிலேயே தாளைக் கீழே வைத்துவிடுவார் என்றேன். வீட்டுக்குப் போய் அப்பாவைக் கேட்டு வந்தான். சொந்தக் காரில் வருகிறவர் எப்படியும் டாக்ஸி ஏறுவதில்லை, அது உண்மை. ஆனால் இ-பாஸ் கிடைக்குமா என்று தயங்குகிறவர் பஸ்ஸுக்கு மாறுவதில்லை, வயநாட்டுக்கோ ஏற்காட்டுக்கோ போய்விடுகிறார் என்று அப்பா சொன்னாராம். டிரிப் எழுதி வைக்கும் நோட்டையும் காட்டியிருக்கிறார். அந்தப் பதில்தான் அவன் கட்டுரையின் நடுப்பகுதியானது. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் அந்தப் பகுதியே இருந்திருக்காது.

சரி, கருத்தும் ஆளும் கிடைத்தாயிற்று. காரணங்களை எப்படிச் சோதிப்பது? இங்கே மணிமேகலைக்குப் போகவேண்டும். இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை முறையை, அதாவது தர்க்க முறையைச் சொல்லிக்கொடுக்கிறார். அதில் வரும் எடுத்துக்காட்டே மலைதான். இம்மலை நெருப்புடையது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கருத்து. புகையுடையது ஆதலால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு ஜன்னலைக் காட்டினேன். கோடநாடு பக்கம் பள்ளத்திலிருந்து வெள்ளையாக ஏறிக்கொண்டிருந்தது. ‘அது புகையா, மூடுபனியா?’ என்று கேட்டேன். ஊரில் பிறந்த பிள்ளைகள், உடனே பிடித்துக்கொண்டார்கள். ஏது சந்தேகத்துக்கு உரியதாக இருந்தால் நெருப்பு நிலைக்காது. ஆவியோ பனியோ என்று ஐயம் இருக்கும்போதே அதைப் புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பை நிறுவப் போவது குற்றம் என்று அதே காதையிலேயே வருகிறது.

இந்தக் கண்ணோடு அந்தப் பெண்ணின் முதல் காரணத்தைப் பார்த்தோம். ‘சீசனில் நெரிசல் அதிகம், ஆகவே வரம்பு வேண்டும்.’ நெரிசல் இருப்பதில் யாருக்கும் ஐயமில்லை. கோத்தகிரி டவுனில் டானிங்டனிலிருந்து ராம்சந்த் வரை மே மாத ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்தவருக்கு ஆதாரமே வேண்டாம். சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழியாகத் திருப்பிவிடுவதால், இறங்குகிற கூட்டம் முழுக்க எங்கள் வாசல் வழியேதான் போகிறது. ஆனால் நெரிசலிலிருந்து வரம்புக்குத் தாவும் இடத்தில் ஒரு பாலம் இல்லை. காட்டேஜ்காரர் அங்கேதான் நிற்பார்: ‘நெரிசல் என்றால் ரோட்டை அகலப்படுத்தட்டுமே?’

ஸ்டீபன் டூல்மின் என்ற தத்துவ அறிஞர் 1958-இல் வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டியபோது, ஆதாரத்தையும் முடிவையும் இணைக்கும் இந்தச் சொல்லப்படாத பகுதிக்குத் தனியாகவே இடம் கொடுத்தார். பெரும்பாலான வாதக் கட்டுரைகள் சரிவது இங்கேதான். எழுதுகிறவருக்கு அது அவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதால் எழுதாமலே விட்டுவிடுகிறார்.

அவள் அந்தப் பாலத்தை எழுதினாள். சமவெளியில் ரோட்டை அகலப்படுத்த நிலம் வேண்டும். மலையில் அதற்குச் சரிவை வெட்ட வேண்டும். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண்சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவள் அப்போது பிறந்தவள்கூட இல்லை, ஆனால் அவள் வீட்டில் அந்த மழையைப் பற்றிப் பேசாத ஐப்பசி கிடையாது. ஆகவே இங்கே ரோட்டின் அகலத்துக்கு ஒரு எல்லை உண்டு, அந்த எல்லைக்குள் வரும் வண்டிகளுக்கும் ஒரு எல்லை உண்டு. இப்போது பாலம் நிற்கிறது. இதிலும் ஒரு எச்சரிக்கை சொன்னேன்: 2009 சரிவுகள் ரோடு போட்டதால்தான் வந்தன என்று எழுதாதே, அதை நிறுவ உன்னிடம் ஆதாரம் இல்லை. சரிவை வெட்டுவது ஆபத்து என்பதற்கு அந்த நிகழ்ச்சி நினைவூட்டல், அவ்வளவே. கொஞ்சம் குறைத்துச் சொன்னால்தான் முழுதாக நம்புவார்கள்.

எண்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 6,000 என்று எழுதினால் பிள்ளைகளுக்கு ஒரு திருப்தி, ஆதாரம் கொடுத்துவிட்டோம் என்று. படிப்பவருக்கு அது பெரிய எண்ணா சிறிய எண்ணா என்றே தெரியாது. பக்கத்தில் இன்னொரு எண் நின்றால்தான் அது பேசும். கொடைக்கானலுக்கு 4,000, நமக்கு 6,000. அந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம் இருக்கலாம் என்று கேட்டால் படிப்பவர் யோசிக்க ஆரம்பிப்பார். அதோடு, இந்த எண்கள் இறுதியானவை அல்ல, இந்த மலைகள் எவ்வளவு வாகனத்தைத் தாங்கும் என்று சென்னை ஐஐடியும் பெங்களூரு ஐஐஎம்மும் ஆய்வு செய்வதற்கு இடையில் வந்தவை என்பதையும் இரண்டு தரப்புமே எழுத வேண்டும். மறைத்தால் எதிராளி அதைக் கண்டுபிடிக்கும்போது மீதிக் கட்டுரையும் சேர்ந்தே விழுந்துவிடும். பையனுடைய அப்பாவின் நோட்டு ஒருவருடைய கணக்கு மட்டும்தான். அப்படியே எழுதச் சொன்னேன்: ‘இது என் அப்பா ஒருவரின் கணக்கு.’ ‘இ-பாஸால் சுற்றுலா முற்றிலும் அழிந்துவிட்டது’ என்று முதலில் எழுதியிருந்தான். அந்த ‘முற்றிலும்’ போனதும் வாக்கியம் நிமிர்ந்து நின்றது.

அரிஸ்டாட்டில் இணங்க வைக்கும் வழிகளை மூன்றாகப் பிரித்தார்: பேசுபவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்பவரின் மனநிலை, வாதத்தின் வலு. பதினாறு வயதுப் பிள்ளையிடம் பட்டமும் பதவியும் இல்லை. அவர்கள் மேல் நம்பிக்கை வர ஒரே வழி, எதிராளிக்குத் தரவேண்டியதை முகம் கோணாமல் தருவது. உணர்ச்சிக்கு ஒரே ஒரு காட்சி போதும், அதுவும் கண்ணால் பார்த்ததாக இருக்கவேண்டும். வளைவில் மாட்டிக்கொண்ட ஆம்புலன்ஸை எல்லாரும் எழுதுகிறார்கள், பார்த்தவர்கள் குறைவு. பையன் எழுதியது, வண்டியைக் கழுவித் துடைத்து ஸ்டாண்டில் போட்டுவிட்டு மதியம் வரை சவாரி வராமல் அப்பா உட்கார்ந்திருந்ததை. எனக்கே மனம் கனத்தது.

இனி வரிசை. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தைத் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கிறேன். ஒரு துண்டில் ஒரு வாக்கியம்: கருத்து ஒன்று, காரணங்கள் தனித்தனியாக, எதிராளியின் மறுப்புகள் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் பதில். எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, எதிராளிக்கு எந்த இடத்தில் எந்த மறுப்பு எழும் என்று பார்த்து, அந்த இடத்திலேயே அதை வைக்கவேண்டும். மறுப்புகளை எல்லாம் மூட்டையாகக் கட்டிக் கடைசிக்கு முந்தைய பத்தியில் போடுவது பலருக்கும் பழக்கம். அதற்குள் அந்த மனிதர் மனத்துக்குள்ளேயே நம்மோடு சண்டை போட்டு முடித்திருப்பார்.

துண்டுகளை அடுக்கியதும் சத்தமாக வாசிக்க வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ‘ஏனென்றால்’, ‘ஆனாலும்’, ‘அப்படியானால்’, ‘ஆகவே’ என்று ஏதாவது இயல்பாக விழுந்தால் கட்டுரை நகர்கிறது. எல்லா இடத்திலும் ‘மேலும்’ மட்டுமே விழுந்தால் அது இன்னும் பட்டியல்தான். துண்டுகளை இடம் மாற்றிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. இடம் மாற்றினால் உடையவேண்டும், அதுதான் அமைப்பு.

வலுவில்லாத காரணத்தை என்ன செய்வது என்று கேட்பார்கள். எடுத்துவிடு. ஐந்து காரணத்தில் ஒன்று சொத்தையாக இருந்தால் எதிராளி மற்ற நான்கையும் விட்டுவிட்டு அதைத்தான் பிடித்துக்கொள்வார். இருக்கும் காரணங்களில் நல்லதொன்றை முதலில் வைத்து, மிக வலுவானதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது என் வழக்கம். கருத்தை எங்கே வைப்பது என்பது ஆளைப் பொறுத்தது. நடுநிலையில் இருப்பவரிடம் முதல் பத்தியிலேயே சொல்லிவிடலாம். கடுமையாக எதிர்க்கிறவரிடம் முதலில் இருவருக்கும் பொதுவான ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். காட்டேஜ்காரருக்கும் மலை சரியக்கூடாது, அந்தப் பெண்ணுக்கும் காட்டேஜ் மூடக்கூடாது. அவள் அங்கிருந்துதான் தொடங்கினாள்.

தொடக்கக் குறளை நான் தடைசெய்வதில்லை. அந்தக் குறளை எடுத்துவிட்டால் வாதம் குறைகிறதா என்று மட்டும் கேட்பேன். குறையாவிட்டால் அது அலங்காரம். தேர்வு அரங்கில் ஒரு மணி நேரம் என்றால் முதல் கால் மணி இந்தத் திட்டத்துக்கே போகட்டும். பக்கத்து பெஞ்சில் இரண்டாவது தாள் வாங்கினாலும் பயப்படவேண்டாம்.

முடிவுரைக்கு வந்தால், நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்று ஒன்று இருக்கிறது, போகப் போக வலுவிழந்து முடிவது. நம் கட்டுரைகளில் பாதி அப்படித்தான் முடிகின்றன: ‘இயற்கையைக் காப்போம், வருங்காலத்தை வளமாக்குவோம்.’ யார் காப்பது, எப்போது, எப்படி? வாதக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் படித்தவரிடம் ஒன்றைக் கேட்கவேண்டும், அது அவர் கையால் செய்யக்கூடியதாக இருக்கவேண்டும். காட்டேஜ்காரரால் நீதிமன்ற உத்தரவை மாற்ற முடியாது. ஆனால் அறை பதிவுசெய்யும்போதே விருந்தினரிடம், ‘பஸ்ஸில் வாருங்கள், கோத்தகிரி ஸ்டாண்டுக்கு நானே வண்டி அனுப்புகிறேன்’ என்று சொல்ல முடியும். அந்தப் பெண் அதைத்தான் கேட்டாள். பையன் அந்தப் பாட்டியிடம் கேட்டது, வரம்பைப் பற்றி அடுத்த முறை மாவட்ட நிர்வாகம் கருத்துக் கேட்டால் டாக்ஸிக்காரர்களையும் கூப்பிடச் சொல்லி ஒரு மனுவில் கையெழுத்து.

அடுத்த சனிக்கிழமைக்குப் பச்சைத் தேயிலை விலையை எடுத்திருக்கிறோம். கிலோவுக்குக் குறைந்தபட்ச ஆதார விலை வேண்டும் என்று எழுத வகுப்பில் பாதிப் பேர் தயார். அவர்கள் வீட்டிலேயே கொழுந்து பறிக்கிறார்கள், அதனால் அந்தப் பக்கத்துக் காரணங்களை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் ஒரே வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறேன்: இலை வாங்கி அரைக்கிற தனியார் ஃபேக்டரி முதலாளியாக மாறி ஒரு பக்கம். ‘அவர் ஏன் அந்த விலை தரமுடியாது என்கிறார் என்று எங்களுக்கு எப்படி மிஸ் தெரியும்?’ என்று கேட்டார்கள். போய்க் கேளுங்கள் என்றேன். இரண்டு பேர் திங்கட்கிழமை அப்பாவோடு இலை எடை போடப் போகும்போதே கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.